துடைப்பக் கோடுகள்

முலாஞ்சே மலையடியில், எங்கள் ஊரில்,
ஒருத்தியின் மானம் அவள் முற்றத்தில் தெரியும்.
விடியுமுன் செம்மண்ணில்
பிறை பிறையாய்த் துடைப்பக் கோடுகள்.
சருகு ஒன்று கிடக்கக் கூடாது.
கோழி நடந்த தடம்கூட ஆகாது.

எஸ்னாத் ஒருநாள் பெருக்குவதை நிறுத்தினாள்.

முதல் வாரம், காய்ச்சல் என்றோம்.
இரண்டாம் வாரம், வைசன் அடித்திருப்பான் என்றோம்.
மூன்றாம் வாரம் நான்தான் கேட்டேன்,
வேலிக்கு இப்பால் நின்று, அவள் காதில் விழும்படி:
யார் வீட்டு இழவு இது?

சிப்பெரோனித் தூறல் சிணுங்கும் ஜூன் மாதம்.
"மண்ணுக்குக் குளிருது" என்றாள்.
போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டவள்போல
இன்னொரு கூடை சருகைக் கொட்டினாள்.
நான் சிரித்த சிரிப்பில்
என் முதுகிலிருந்த பிள்ளை விழித்துக்கொண்டது.

அன்று மாலை என் குப்பைக்குத் தீ வைக்கப்போனேன்.
ஓடி வந்தாள்.
புகையாகிப் போவதை எனக்குக் கொடேன் என்றாள்.
சாக்குக்கு ஒரு முட்டை என்றேன், விளையாட்டாக.
கொடுத்தாள்.
பிறகு ஊரே அவளுக்குக் குப்பை விற்றது.
ஒரு பைத்தியம் கிடைத்த சந்தோஷத்தில்
மாமரங்களை உலுக்கிக்கூட விற்றோம்.

துணி துவைத்த தண்ணீர் போகும் குழியில் வாழை,
வாழையின் காலடியில் சேம்பு,
துவரையைப் பிடித்து ஏறுகிற அவரை,
அவரை ஏறாத இடமெல்லாம் பூசணி.
வேலிக்கு முருங்கை. பப்பாளி
தனக்குப் பிடித்த இடத்தில்.
எது பாத்தி, எது பாதை?
விருந்தாளி எங்கே கால் வைப்பான்?

என் கணவர் தேயிலை எஸ்டேட்டில் கவாத்து வெட்டுகிறவர்.
மலை முழுக்க ஒரே பச்சை, ஒரே இடுப்புயரம்,
மேசை விரிப்பு விரித்ததுபோல.
வேலை விட்டு வரும்போது
அவள் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டார்.

பாம்பு வந்தது. வராமல் என்ன செய்யும்?
தலைவர் நமலிமா ஊரைக் கூட்டி
ஒரு கோழி அபராதம் போட்டார்.
சருகைக் கிளறிக் கரையான் தின்ற கோழி அது.
குழம்பில் விரல்கடை உயரம் நெய் மிதந்ததாம்.
தலைவரின் மனைவி என்னிடம் சொன்னாள்,
இரண்டு தடவை.

ஜனவரியில் மழை பதினெட்டு நாள் காணாமல்போனது.
என் சோளம் இலையைச் சுருட்டிக்கொண்டு
கோபித்த பிள்ளையாய் நின்றது.
பிப்ரவரியில் பானையைத் தட்டினால்
பானைதான் பேசியது.
தவிட்டைக் கிண்டிக் களி என்று சொல்லிப் பரிமாறினேன்.
பிள்ளைகள் பெயரை நம்பவில்லை.

சும்மா போய்க் கேட்க வாய் வருமா?
ஒரு சாக்கு சருகைத் தூக்கிக்கொண்டு போனேன், விற்க.
நடுப்பகல். என் முற்றம்
அடுப்புக்கல்லாய்ச் சுட்டது.
அவள் வாழைக்கடியில் கால் வைத்தேன்,
குளிர்ந்தது.
குனிந்து கையை நுழைத்தேன். மணிக்கட்டுவரை ஈரம்.
நான் முட்டைக்கு விற்ற என் மா இலைகள்
பாதி கறுத்து, நரம்பு மட்டும் மிச்சமாய்,
எனக்கு அடையாளம் தெரிந்தது.

முட்டை இல்லையே என்றாள்.
ஒரு பப்பாளி, ஒரு கூடை பூசணி இலை,
முருங்கைக் கீரை இரண்டு கட்டு.
விலை ஏறியிருந்தது.
பேசாமல் வாங்கிக்கொண்டேன்.
"பார்த்தியா?" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்
அங்கேயே போட்டுவிட்டு வந்திருப்பேன்.
சாக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது
உதறி, மடித்துக் கொடுத்தாள்.

இப்போதும் பெருக்குகிறேன்,
தெருவைப் பார்த்த முற்றத்தை.
மாமியார் ஞாயிறுதோறும் வருகிறாள்,
கோடுகளை எண்ணாத குறைதான்.
குளியல் தட்டிக்குப் பின்னால் மட்டும்
துடைப்பம் நேற்றைவிட ஒரு சாண் முன்னதாகத் திரும்புகிறது.

அங்கே நாங்கள் துப்பிய விதை ஒன்று முளைத்து
முழங்கால் உயரம் வந்துவிட்டது.
அவர் பார்த்துவிட்டார்.
கவாத்துக் கத்தியோடு வெகுநேரம் நின்றார்.
பிறகு உள்ளே வந்து, கத்தியைச் செருகிவிட்டு,
எந்த உயரத்தில் வெட்டுவது என்று தெரியவில்லை என்றார்.